2 லட்சம் கிரௌன் வரதட்சணை: ஒரு ட்யூடர் சம்பந்தம் எப்படிப் பேசப்பட்டது, எங்கே முறிந்தது

கேள்வி இது: இங்கிலாந்தை ட்யூடர் வம்சம் ஆண்ட காலத்தில் அரசியல் கூட்டணிக்காக அரச குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்களே, அந்தக் கல்யாணங்களை நடைமுறையில் எப்படிப் பேசி முடித்தார்கள்? பணம் யார் யாருக்குக் கொடுத்தார்கள்? இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் முறிந்தன?

பொதுப்படையாகச் சொன்னால் இது பிடிபடாது. ஒரே ஒரு சம்பந்தத்தை எடுத்து, அதன் ஷரத்துகளை வரிசையாகப் பார்ப்பதுதான் சரி. ஸ்பெயின் இளவரசி கேத்தரின், இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி வீட்டுக்கு மருமகளாக வந்த கதையை எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன் ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கு வாழ்க்கைப்பட்டு, ஐந்தே மாதத்தில் விதவையாகி, ஏழு ஆண்டுகள் லண்டனில் காசில்லாமல் காத்துக்கிடந்தவர் அவர். அந்த ஏழு ஆண்டுகளுக்கான காரணம் முழுவதும் ஒப்பந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஒப்பந்தத்தில் கூட்டணி, பணம் என இரண்டு வகை ஷரத்துகள் இருக்கும். கூட்டணி ஷரத்தை யார் மீறினாலும் கேட்க மேலே ஒரு நீதிமன்றம் கிடையாது. பண ஷரத்தை மீறினால் மட்டும் பிடித்துவைக்க ஒன்று இருந்தது. அது மணப்பெண். பேரத்தில் விழுந்த ஒவ்வொரு ஓட்டையும் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விடிந்தது.

இரு தரப்புக்கும் என்ன தேவைப்பட்டது? ஏழாம் ஹென்றி 1485 ஆகஸ்ட் 22-ல் பாஸ்வர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டைத் தோற்கடித்து அரியணை ஏறியவர். அவருடைய அரச ரத்த உரிமை பலவீனமானது. ஐரோப்பாவின் பெரிய அரச குடும்பம் ஒன்று பெண் கொடுத்துவிட்டால், ‘நீ உண்மையான அரசன்’ என்று சான்றிதழ் கொடுத்தது போல. போதாததற்கு கேத்தரினின் கொள்ளுப்பாட்டி இங்கிலாந்தின் லங்காஸ்டர் வம்சத்துப் பெண். அந்தப் பாட்டியின் பெயரைத்தான் இவருக்கும் வைத்திருந்தார்கள். ஹென்றி அரியணை உரிமை கோரியதும் அதே வம்சத்தின் வழியாகத்தான். லங்காஸ்டர் ரத்த உரிமை என்று பார்த்தால் மருமகளுடையது மாமனாருடையதை விடச் சுத்தமானது. மறுபக்கம், கேத்தரினின் பெற்றோரான ஆரகான் அரசர் ஃபெர்டினாண்டுக்கும் காஸ்டில் அரசி இசபெல்லாவுக்கும் பிரான்ஸை வடக்கிலிருந்து அழுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிரான்ஸ் கையில் இருந்த ரூசியோன், செர்தான்யா என்ற இரண்டு எல்லைப் பகுதிகளை அவர்கள் திரும்பப் பெற நினைத்தார்கள்.

பேச்சு 1488-ல் தொடங்கியது. கேத்தரினுக்கு அப்போது இரண்டரை வயது, ஆர்தருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஸ்பெயின் தரப்பில் லண்டனுக்கு வந்தவர் ரொட்ரிகோ டி புவெப்லா, சட்டம் படித்தவர். இங்கிலாந்து தூதர்கள் 1489 தொடக்கத்தில் ஸ்பெயினுக்குப் போனார்கள். மார்ச் 27-ல் மெடினா டெல் காம்போ என்ற ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் முக்கியமான ஷரத்துகள் இவை: வரதட்சணை 2 லட்சம் கிரௌன், ஒரு கிரௌன் இங்கிலாந்துக் காசில் 4 ஷில்லிங் 2 பென்னி. பாதிப் பணம் கல்யாணத்தின்போது, மீதி பின்னால். பெண்ணைத் தகுந்த உடை, நகைகளோடு இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கும் செலவு பெண் வீட்டாருடையது. ஒருவருடைய எதிரிகளுக்கு மற்றவர் புகலிடம் தரக்கூடாது. இரு நாட்டு வணிகர்களுக்கும் சுங்கவரியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

நாணயமாற்று விகிதத்தைத் தாளிலேயே எழுதிவைத்ததைக் கவனியுங்கள். 2 லட்சம் கிரௌனை 50 பென்னியால் பெருக்கினால் 1 கோடி பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்று வகுத்தால் சுமார் 41,666 பவுண்டு. ஏழாம் ஹென்றியின் ஆட்சி முடியும் காலத்தில் அரசின் ஆண்டு வருமானமே 1 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு வரதட்சணை. ஒரு தவணை விட்டுப்போனால் அரசனே ஏன் மல்லுக்கு நின்றான் என்பது இந்தக் கணக்கிலேயே புரியும்.

கூட்டணி ஷரத்து மேலோட்டமாகச் சமமாகத் தெரியும்: ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் பிரான்ஸோடு சமாதானம் செய்யக்கூடாது. ஆனால் விதிவிலக்கைப் படித்தால் சமன் குலைந்துவிடும். ரூசியோனும் செர்தான்யாவும் திரும்பக் கிடைத்தால் ஸ்பெயின் போரிலிருந்து விலகலாம். நார்மண்டியும் அக்கித்தேனும் திரும்பக் கிடைத்தால்தான் இங்கிலாந்து விலகலாம். முன்னவை இரண்டு சிறிய எல்லை மாவட்டங்கள். பின்னவை பிரான்ஸில் பெரும் பகுதி. அதனால் ஹென்றி இதை அப்படியே ஏற்காமல், 1490-ல் திருத்தங்களோடுதான் தன் ஒப்புதலைக் கொடுத்தார். ஸ்பெயின் அந்தத் திருத்தங்களுக்கு இசையவில்லை. 1492 நவம்பரில் ஹென்றி பிரான்ஸோடு தனியாக எதாப்ல் ஒப்பந்தம் போட்டு, 7,45,000 கிரௌனைத் தவணையில் தர ஒப்புக்கொள்ள வைத்தார். இரண்டே மாதத்தில் ஸ்பெயினும் தனியாக ஒரு சமாதானம் செய்து ரூசியோனைத் திரும்பப் பெற்றது. நான்கே ஆண்டுக்குள் கூட்டணி ஷரத்து இரு பக்கமும் போயிற்று. சம்பந்தப் பேச்சு மட்டும் சாகவில்லை.

பிரான்ஸ் இத்தாலிக்குள் படையோடு நுழைந்த பிறகு ஸ்பெயினுக்கு மறுபடி இங்கிலாந்து தேவைப்பட்டது. 1496 அக்டோபரில் புது ஒப்பந்தம். தொகை அதே 2 லட்சம், தவணைகள்தான் நுணுக்கமாயின. கல்யாணத்தின்போது 1 லட்சம், ஆறு மாதத்தில் 50,000, ஓராண்டுக்குள் கடைசி 50,000. அந்தக் கடைசித் தவணையில் 15,000 மட்டும் நாணயம். 15,000 கிரௌன் மதிப்புக்குத் தங்க, வெள்ளிப் பாத்திரங்கள். 20,000 மதிப்புக்கு நகைகள். பாத்திரமும் நகையும் பெண் வரும்போதே கூட வந்துவிடும், ஆனால் கணக்கில் ஏறுவது ஓராண்டு கழித்து. இந்த 35,000 கிரௌனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சம்பந்தத்தின் மிக மோசமான ஷரத்து என்று இதைத்தான் சொல்வேன்.

இதற்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த உறுதி, பெண் விதவையானால் அவருக்கான மானியம்: வேல்ஸ், கார்ன்வால், செஸ்டர் நிலங்களின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவர் உயிரோடு இருக்கும்வரை.

அடுத்தது சடங்கு. அந்தக்காலத் திருச்சபைச் சட்டத்தை ‘மணந்துகொள்வேன்’, ‘மணந்துகொள்கிறேன்’ என்ற இரண்டு வினைச்சொற்களில் அடக்கிவிடலாம். எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயதார்த்தம், ஏழு வயது நிரம்பினால் போதும், பிறகு முறிக்க வழி உண்டு. நிகழ்காலத்தில் சொன்னால் அதுவே கல்யாணம். பூசையோ விருந்தோ இல்லாவிட்டாலும் கட்டுப்படுத்தும். அதற்குப் பெண்ணுக்குப் 12 வயது, ஆணுக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். சின்ன வயதில் சொன்ன வாக்கை, உரிய வயது வந்ததும் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று மறுக்கலாம். அரச குடும்பங்கள் ஒரே ஜோடிக்குத் திரும்பத் திரும்பச் சடங்கு நடத்தியதற்குக் காரணம் இந்த மறுப்பு உரிமைதான். ஒவ்வொரு சடங்கும் இன்னொரு கதவைச் சாத்தியது.

கேத்தரின், ஆர்தர் விஷயத்தில் 1497 ஆகஸ்டில் உட்ஸ்டாக்கில் நிச்சயதார்த்தம். 1499 மே 19-ல் பியூட்லி அருகே டிக்கன்ஹில் மாளிகையில் பதிலாள் வைத்துக் கல்யாணம்; ஆர்தருக்கு வயது குறைவு என்பதால் பாப்பரசரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். மணப்பெண் ஸ்பெயினில் இருந்தார். அவர் இடத்தில் நின்றவர், நரைத்த தூதர் புவெப்லா. 12 வயது ஆர்தர் அவர் கையைப் பிடித்து ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்றான். பிறகு நடந்த விருந்தில் மணப்பெண்ணுக்குரிய வலப்பக்க இருக்கையில் புவெப்லாவையே உட்காரவைத்தார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கலாம். சட்டப்படி அந்தக் கைப்பிடிதான் கேத்தரினை மனைவியாக்கியது. ஆர்தருக்கு 14 நிறைந்த பிறகு, 1500 நவம்பரில், வேல்ஸ் எல்லையில் உள்ள லட்லோவில் இன்னொரு முறையும் செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஸ்பெயின் பெண்ணை அனுப்பாமல் இழுத்தடித்தது. இங்கிலாந்து அரியணைக்கு வேறு உரிமைக்காரர்கள் இருந்தார்கள். முந்தைய மன்னர் நான்காம் எட்வர்டின் மகன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு பல அரசவைகளில் ஆதரவு தேடிய பெர்கின் வார்பெக் ஒருவர். சிறு வயதிலிருந்தே லண்டன் கோபுரத்தில் அடைபட்டிருந்த, உண்மையான அரச ரத்தம் கொண்ட வார்விக் பிரபு இன்னொருவர். 1499 நவம்பர் 23-ல் வார்பெக்கைத் தூக்கிலிட்டார்கள். ஐந்து நாள் கழித்து வார்விக்கின் தலை வெட்டப்பட்டது. அடுத்த ஜனவரியில் புவெப்லா ஸ்பெயினுக்கு எழுதிய கடிதத்தில், இனி இங்கிலாந்தில் சந்தேகத்துக்குரிய அரச ரத்தம் ஒரு துளியும் இல்லை என்று நிம்மதியோடு சொல்கிறார். பெண்ணை அனுப்பச் சம்மதம் கிடைக்க இப்படியும் ஒரு விலை இருந்தது.

பெண்ணைத் தயார்செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். மாமியார் எலிசபெத்தும் அவருடைய மாமியார் மார்கரெட் போஃபோர்ட்டும் 1498-ல் புவெப்லா வழியாக இரண்டு கோரிக்கைகள் அனுப்பினார்கள். எங்களுக்கு லத்தீனும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. பெண் தன் அண்ணியோடு பிரெஞ்சில் பேசிப் பழகட்டும் என்பது ஒன்று. இங்கிலாந்துத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை, இப்போதே ஒயின் குடித்துப் பழகட்டும் என்பது இன்னொன்று. ஒப்பந்தத் தாள்களில் பெண்கள் குரல் ஏறக்குறைய இல்லவே இல்லை. வீட்டுக்கு வரப்போகும் ஒரு குழந்தையைப் பற்றி இரண்டு பெண்கள் கவலைப்பட்டது இந்த ஒரு கடிதத்தில் தெரிகிறது.

1501 மே 21-ல் கிரனாடாவிலிருந்து புறப்பட்டார். ஆகஸ்டில் கப்பல் ஏறி, புயலில் திரும்பி, மறுபடி செப்டம்பர் 27-ல் புறப்பட்டு, அக்டோபர் 2-ல் பிளிமத்தில் இறங்கினார். நவம்பர் 14-ல் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் கல்யாணம். மணப்பெண்ணை ஆலயத்துக்கு அழைத்துவந்த பையன், மாப்பிள்ளையின் பத்து வயதுத் தம்பி ஹென்றி. முதல் தவணை 1 லட்சம் கிரௌன் சொன்னபடி எண்ணிக் கொடுக்கப்பட்டது.

சிக்கல் அடுத்த மாதமே தொடங்கியது, அதுவும் அந்த 35,000 கிரௌன் பாத்திரம், நகையில். கேத்தரினின் உடைமைகளுக்குப் பொறுப்பாளர் ஹுவான் டி குவேரோ. அவற்றை இப்போதே ஒப்படை என்று ஹென்றி கேட்டார். குவேரோ மறுத்தார்: இது கடைசித் தவணைக்கு உரியது, கெடு இன்னும் வரவில்லை. ஹென்றிக்குக் கோபம். இதற்கிடையில் புவெப்லா அரசர் காதில் ஒரு யோசனை போட்டிருந்தார். கேத்தரின் ஆர்தரோடு வேல்ஸ் எல்லைக்குக் குடித்தனம் போகட்டும். அங்கே சாப்பாட்டு மேசைக்கு வேறு பாத்திரம் இல்லாவிட்டால் தன்னுடையதைத்தான் எடுத்துப் புழங்க வேண்டிவரும். புழங்கிய பழைய பாத்திரத்தை வரதட்சணையாக ஏற்க மாட்டோம், முழுவதும் நாணயமாகக் கொடுங்கள் என்று பிறகு கேட்கலாம். பெண் வீட்டுத் தூதரே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. சொந்த அரசர்களிடமிருந்து சம்பளம் ஒழுங்காக வராமல், ஹென்றியின் தயவில் காலம் தள்ளியவர் புவெப்லா. அவர் நிலையையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

தவறு எங்கே என்றால், ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்ததில். பாத்திரமும் நகையும் ஒரு பக்கம் மணமகளின் சீர்வரிசை, தினமும் புழங்குவதற்கு. இன்னொரு பக்கம் மாமனாருக்குப் போகவேண்டிய கடன் தொகை, அப்படியே கைபடாமல் வைத்திருப்பதற்கு. இடைப்பட்ட காலத்தில் அது யாருடையது, தேய்ந்தால் யார் நஷ்டம், யார் மதிப்பிடுவது என்று 1496 ஒப்பந்தம் தெளிவாக்கவில்லை.

இது தீர்வதற்குள் 1502 ஏப்ரல் 2-ல் லட்லோவில் ஆர்தர் இறந்துபோனார். வயது 15.

செய்தி கிடைத்ததும் ஸ்பெயின் அரசர்கள் மே மாதம் எஸ்திராதா என்ற தூதரை அனுப்பினார்கள். அவர் கையில் கொடுத்த கோரிக்கைகள்: கட்டிய 1 லட்சம் கிரௌனைத் திருப்பிக் கொடு, விதவை மானியமான மூன்றில் ஒரு பங்கைக் கொடு, பெண்ணைத் திருப்பி அனுப்பு. அதோடு ரகசியமாக இன்னொன்று: தம்பி ஹென்றிக்கு அவளைக் கட்டிவைக்கப் பேசு. முதல் மூன்றும் நான்காவதை நோக்கித் தள்ளும் அழுத்தம்தான். ஏழாம் ஹென்றிக்கும் பணத்தைத் திருப்பித் தர மனமில்லை, மானியம் தரவும் மனமில்லை. பாதி வரதட்சணை பாக்கி இருக்கும்போது மானியம் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது அவர் வாதம். இடையில் அவர் மனைவி எலிசபெத் 1503 பிப்ரவரியில் இறக்க, தானே கேத்தரினை மணக்கலாம் என்ற பேச்சையும் எழுப்பிப் பார்த்தார். இசபெல்லா அதை அருவருப்போடு மறுத்தார்.

1503 ஜூன் 23-ல் இரண்டாவது கல்யாண ஒப்பந்தம். கட்டிய 1 லட்சம் புதுக் கல்யாணத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. மீதி 1 லட்சத்தில் 65,000 நாணயம், 15,000 பாத்திரம், 20,000 நகை. இந்த முறை, மதிப்பீடு லண்டனில் நடக்கும் என்று தெளிவாக எழுதிக்கொண்டார்கள். இளைய ஹென்றிக்கு 14 வயது நிறைந்ததும் கல்யாணம். இரண்டு நாள் கழித்து நிச்சயதார்த்தம்.

அண்ணன் மனைவியைத் தம்பி மணக்கப் பாப்பரசரின் விலக்கு வேண்டும். இங்கேதான் பின்னால் வந்த மிகப் பெரிய விபரீதத்தின் விதை விழுந்தது. அன்றைய திருச்சபைச் சட்டத்தில் இதற்கு இரண்டு வெவ்வேறு தடைகள் உண்டு. தம்பதிக்குள் உடலுறவு நடந்திருந்தால் ‘சம்பந்த உறவு’ என்ற தடை எழும். நடக்காமல் வெறும் சடங்கு மட்டும் முடிந்திருந்தால் ‘பொது மரியாதை’ என்ற வேறொரு தடை எழும். எந்தத் தடையோ அதைக் குறிப்பிட்டு விலக்கு வாங்க வேண்டும். அப்படியானால் கேத்தரினும் ஆர்தரும் ஐந்து மாதம் எப்படி வாழ்ந்தார்கள்? எதுவும் நடக்கவில்லை என்று கேத்தரினின் பணிப்பெண்களுக்குத் தலைவியான எல்விரா அம்மையார் இசபெல்லாவுக்கு எழுதினார். ஆனால் 1503 ஒப்பந்தம் நடந்தது என்றே எழுதியது. ஃபெர்டினாண்ட் அந்த ஆகஸ்டில் ரோமில் இருந்த தன் தூதருக்கு எழுதிய கடிதம் தெளிவாக இருக்கிறது: அவள் கன்னிதான் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் ஆங்கிலேயர்கள் எதிலும் குதர்க்கம் பேசுபவர்கள்; நடந்ததாக வைத்தே விலக்கு வாங்கு.

முன்ஜாக்கிரதைதான். பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸின் ஆணை 1503 டிசம்பர் 26 தேதியிட்டு வந்தபோது, இரண்டு நிலையையும் தழுவுகிற மாதிரி லத்தீனில் ஒரு சொல் சேர்ந்திருந்தது: ‘ஃபோர்சான்’, அதாவது ‘ஒருவேளை’. ஒருவேளை உறவு நடந்திருந்தாலும் என்று பொருள்படும் வாக்கியம். இசபெல்லா சாகக் கிடந்தபோது ரோமிலிருந்து அவருக்குத் தனியாக அனுப்பிய இன்னொரு ஆவணத்தில் அந்த ‘ஒருவேளை’ இல்லை. ஒரே விலக்குக்கு இரண்டு ஆவணங்கள், இரண்டிலும் வெவ்வேறு வாசகம். கல்யாணத்தை முடிக்கும் அவசரத்தில் யாரும் இதை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுச் சரிசெய்யவில்லை.

1504 நவம்பர் 26-ல் இசபெல்லா இறந்தார். காஸ்டில், உயிரோடு இருந்த மகள்களில் மூத்தவரான ஹுவானாவுக்குப் போனது. ஃபெர்டினாண்ட் கையில் ஆரகான் மட்டும். ஒரே நாளில் கேத்தரின், ஒன்றுபட்ட ஸ்பெயினின் இளவரசி என்ற நிலையிலிருந்து ஒரு சிறிய அரசரின் கடைசி மகள் ஆனார். ஏழாம் ஹென்றி மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினார். 1505 ஜூன் 27-ல், இளைய ஹென்றிக்கு 14 நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, வின்செஸ்டர் ஆயர் முன்னால் பையனை நிறுத்தி, சின்ன வயதில் செய்த நிச்சயதார்த்தத்தை மறுக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுக்க வைத்தார்கள். அதை வெளியில் சொல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன அந்த மறுப்பு உரிமை எப்படிப் பயன்பட்டது பாருங்கள்: முறிக்கவும் இல்லை, கட்டுப்படவும் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கேத்தரின். மாமனார் கொடுத்துவந்த மாதம் 100 பவுண்டு நின்றுபோனது. தந்தையோ, உனக்கான செலவு இங்கிலாந்து அரசனுடையது என்றார். கையில் இருந்தது அந்தப் பாத்திரமும் நகையும்தான். அதை விற்றால் வரதட்சணை குறையும். விற்காவிட்டால் வேலைக்காரர்களுக்குச் சோறில்லை. 1506 ஏப்ரல் 22-ல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், உடுத்த ஏதுமில்லாத நிலையில் கைவளைகளை விற்றுக் கறுப்பு வெல்வெட்டில் ஓர் ஆடை தைத்துக்கொண்டதாகவும், ஸ்பெயினை விட்டு வந்த பிறகு இரண்டே இரண்டு புது ஆடைகள்தான் என்றும் எழுதுகிறார். அந்த வளைகள் அவருடையவை மட்டுமல்ல. ஒப்பந்தப்படி 20,000 கிரௌன் நகைக் கணக்கில் சேர்ந்தவை. விற்ற ஒவ்வொன்றும் தந்தை கட்டவேண்டிய பாக்கியை ஏற்றியது, கல்யாணத்தை இன்னும் தள்ளிப்போட்டது.

1507-ல் ஃபெர்டினாண்ட் மகளையே இங்கிலாந்துக்கான தன் தூதராக நியமித்தார். ஐரோப்பாவில் அதிகாரபூர்வமாகத் தூதர் பதவி ஏற்ற முதல் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் இவரைச் சொல்கிறார்கள். சங்கேத எழுத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டார். தன் வரதட்சணைத் தவணைக்குத் தானே அவகாசம் கேட்டுப் பேசினார். 1508-ல் புதிய தூதர் ஃபுவென்சலிதா பணத்துக்கான மாற்றுச்சீட்டுகளோடு வந்தபோது ஹென்றி பாத்திரம், நகையை ஏற்க மறுத்தார். முழுவதும் நாணயமாக வேண்டும் என்றார். ஃபுவென்சலிதா நம்பிக்கை இழந்து இளவரசியின் உடைமைகளை நாட்டை விட்டு அனுப்பவே தொடங்கிவிட்டார்.

1509 ஏப்ரல் 21-ல் ஏழாம் ஹென்றி இறந்தார். ஏழு ஆண்டு முடிச்சு ஏழு வாரத்தில் அவிழ்ந்தது. 17 வயது எட்டாம் ஹென்றிக்குப் பிரான்ஸ் மேல் போர் தொடுக்க ஆசை, அதற்கு ஃபெர்டினாண்ட் வேண்டும். ஜூன் 11-ல் கிரீனிச்சில் எளிமையாகக் கல்யாணம், 24-ல் இருவருக்கும் முடிசூட்டு. வரதட்சணை பாக்கியும் கட்டி முடிந்தது.

கூட்டணி என்ன ஆனது? 1512-ல் சுமார் 10,000 ஆங்கிலேயப் படை, அக்கித்தேனைப் பிடிக்கும் கனவோடு ஸ்பெயின் எல்லையில் இறங்கியது. ஃபெர்டினாண்ட் உதவிக்கு வரவேயில்லை. ஆங்கிலேயப் படை அங்கே நிற்பதைக் காட்டியே பிரான்ஸைத் தடுத்து வைத்துவிட்டு நவார் நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். வயிற்றுக்கடுப்பில் ஆட்கள் மடிய, மிச்சப் படை கலகம் செய்து ஊர் திரும்பியது. 1514-ல் ஃபெர்டினாண்ட் தனியாகப் பிரான்ஸோடு போர்நிறுத்தம் செய்துகொண்டார். கொதித்துப்போன ஹென்றி, தன் தங்கை மேரியை 52 வயது பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயிக்குக் கட்டிக்கொடுத்து எதிர்க் கூட்டணி அமைத்தார். மூன்று மாதம்கூட நிறைவதற்குள் லூயி இறந்துபோனார்.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஏழாம் ஹென்றி மூத்த மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தை எடுங்கள். 1502 ஜனவரி 24-ல் கையெழுத்து. வரதட்சணை 10,000 பவுண்டு, மூன்று தவணை, எல்லாம் பணமாக. பாத்திரம், நகைக் குழப்பம் இல்லை. மகளுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானமுள்ள நிலங்கள். பண விஷயத்தில் இது மிகச் சுத்தமான ஒப்பந்தம், மார்கரெட் வளை விற்க நேரவில்லை. ஆனால் அதன் பெயரிலேயே இருந்த ‘நிரந்தர சமாதானம்’ 1513 செப்டம்பர் 9-ல் ஃபிளாடன் போரில் முடிந்தது; ஜேம்ஸ் அங்கேயே கொல்லப்பட்டார். அப்போது எட்டாம் ஹென்றி பிரான்ஸில் இருந்ததால் இங்கிலாந்தை ஆட்சிப் பொறுப்பேற்று நடத்தியவர் கேத்தரின். நாத்தனாரின் கணவர் உடுத்தியிருந்த மேலங்கியின் துண்டை வெற்றிச் சின்னமாகப் பிரான்ஸுக்குக் கணவருக்கு அனுப்பிவைத்தார். பண ஷரத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூட்டணி ஷரத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அந்தச் சம்பந்தத்தின் பலன் நூறு ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது: 1603-ல் மார்கரெட்டின் கொள்ளுப்பேரன் இங்கிலாந்து அரியணை ஏறினார்.

திரும்பவும் கேத்தரின். பிறந்த குழந்தைகளில் பிழைத்தவர் 1516-ல் பிறந்த மேரி மட்டும். 1527-ல் ஹென்றி, இந்தக் கல்யாணமே செல்லாது என்றார். தமிழ் பைபிளில் லேவியராகமம் 20:21 எடுத்துப் பாருங்கள்: சகோதரன் மனைவியை மணப்பவன் சந்தானமற்றிருப்பான். எதிர்த்தரப்பு உபாகமம் 25:5-ஐக் காட்டியது: பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியை மணப்பது கடமை. ஆனால் வழக்கின் சட்ட முடிச்சு 1503 ஆணையில்தான் இருந்தது. அமைச்சர் கார்டினல் உல்சி ஒரு கூர்மையான வழியைக் கண்டார்: ஆர்தரோடு ஒன்றும் நடக்கவில்லை என்று கேத்தரின் சொல்வது உண்மையென்றால், தேவைப்பட்டது ‘பொது மரியாதை’த் தடைக்கான விலக்கு; ஆணையோ ‘சம்பந்த உறவு’க்குத்தான் விலக்கு தருகிறது. ஹென்றி அந்த வழியில் போகவில்லை, உறவு நடந்தது என்றே சாதித்தார். 1528-ல் ஸ்பெயினில், புவெப்லா விட்டுச்சென்ற தாள்களுக்கிடையே ‘ஒருவேளை’ இல்லாத அந்த இன்னொரு ஆவணம் கிடைத்தது. தேதி ஒன்று, வாசகம் வேறு. ஹென்றி தரப்பு அதைப் போலி என்றது. 1529 ஜூன் 21-ல் பிளாக்ஃபிரையர்ஸ் நீதிமன்றத்தில் கேத்தரின் எல்லோர் முன்னிலையிலும் கணவர் முன் மண்டியிட்டு, உங்களிடம் வந்தபோது நான் கன்னியாகத்தான் வந்தேன், அது உங்கள் மனசாட்சிக்குத் தெரியும் என்று பேசிவிட்டு வெளியேறினார். 1533 மே 23-ல் பேராயர் கிரான்மர் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பின்படி கேத்தரின் எட்டாம் ஹென்றியின் மனைவி இல்லை, ஆர்தரின் விதவை. அதனால் அவருடைய சட்டபூர்வமான பட்டம் ‘விதவை இளவரசி’. அந்த ஜூலையில் ஆம்ப்தில் மாளிகைக்கு அரசரின் ஆட்கள் அதைச் சொல்லப் போனார்கள். காலில் ஊசி குத்திய புண்ணோடும் இருமலோடும் அவர் படுக்கையில் இருந்தார். நான் ராணி, அரசரின் உண்மையான மனைவி என்றார். அவர்கள் எழுதியிருந்த அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். பேனா கேட்டார். ‘விதவை இளவரசி’ என்ற சொற்கள் அந்தத் தாளில் எங்கெங்கு இருந்தனவோ அங்கெல்லாம் கோடு போட்டு அடித்தார்.